பகர அடைப்பும் பிறை அடைப்பும்

ஜாவா தொகுதி ஒன்று தன்னைப் பற்றித் தானே அறிவிக்கும் விவரக் கோப்பான மேனிஃபெஸ்ட், ஜாவா நிரலைத் தொகுதிகளாகப் பிரித்து இணைக்கும் ஓ.எஸ்.ஜி.ஐ. நெறிப்படி எழுதப்படும்போது, அதன் உயிர்நிலை 'இம்போர்ட்-பேக்கேஜ்' என்னும் வரியில்தான் இருக்கிறது. தனக்கு வேண்டிய பேக்கேஜ்களைப் பெயர் சொல்லிக் கேட்கும் அவ்வரி, எந்தப் பதிப்பு முதல் எந்தப் பதிப்பு வரை ஏற்கலாம் என்பதையும் உடன் வரையறுக்கிறது. அவ்வரியிலும் சுவைஞரின் கண் நிலைத்து நிற்கும் இடம் [1.2,2) என்னும் எல்லைக் குறிப்பே. பகர அடைப்பு 1.2ஐ உள்ளே சேர்க்க, பிறை அடைப்பு 2ஐ வெளியே நிறுத்துகிறது. முதல் எண் மாறினால் பழைய உடன்பாடு முறிந்துவிட்டது எனக் கொள்ளும் மரபு முழுவதும் அந்த ஒரு வளைகோட்டில் அடங்கிவிடுகிறது. நிரல் கட்டும் கருவியான மேவனிலும் இதே குறியீடு உண்டெனினும், அங்கே 2.0-பீட்டா 2.0க்கு முந்தியதாக எண்ணப்படுவதால் அடைப்புக்குள் நுழைந்துவிடும், ஓ.எஸ்.ஜி.ஐ.யிலோ பின்னொட்டுப் பெற்ற பதிப்பு 2.0.0க்குப் பிந்தியதே ஆதலால் அதற்கு வழியில்லை.

இவ்வகை எல்லைக் குறிப்பை நினைவூட்டும் வகையில், புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில், 7ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் இசைக் கல்வெட்டையொட்டி, அதன் சுரக்கோவைகள் எட்டுக்கும் ஏழுக்கும் உரியன எனத் தமிழில் ஒரு குறிப்பு உண்டு. அவ்வெண்கள் யாழின் நரம்புகளைச் சுட்டுவன என்போர் கூற்று சரியானால், எதற்குப் பொருந்தும் என்பதைப் பொருளோடு சேர்த்தே பொறிக்கும் ஒழுங்கு புதிதன்று.

முழுத் தொகுதியையே பெயர் சொல்லிக் கோரும் 'ரிக்வயர்-பண்டில்' எளிதென்பர் எக்லிப்ஸ் மென்பொருள் வழிவந்தோர். எளிதுதான், ஆனால் பேக்கேஜ் வேறு தொகுதிக்கு இடம்பெயர்ந்த அன்றே அக்கோரிக்கை பொய்த்துப்போகும். 2017இல் வந்த ஜாவா 9இன் மாட்யூல் அறிவிப்போ பதிப்பெல்லையையே பேசுவதில்லை.

2005இல் தொடங்கப்பட்டு இலங்கையில் வளர்ந்த டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் கார்பன் தளம் ஓ.எஸ்.ஜி.ஐ. நெறியின் மேல் எழுந்தது. மேனிஃபெஸ்ட் விவரம் இல்லாத பிறர் நூலகங்களுக்கு அவ்விவரத்தைச் சேர்த்து 'ஆர்பிட்' என்ற பெயரில் வழங்கியதும், பதிப்பெண்ணின் நான்காம் உறுப்பாகத் தன் பெயரையும் வரிசை எண்ணையும் இட்டதும் அந்நிறுவனத்தின் கைவண்ணம். நான்காம் உறுப்பு எண்ணாக அன்றி எழுத்துச் சரமாக ஒப்பிடப்படுவதால், இத்தகைய பெயரீட்டில் 10 என முடிவது 9 என முடிவதற்கு முந்தியதாகிவிடும் என்பது, பழகியவர் மட்டுமே அறிந்து புன்னகைக்கும் நுட்பம்.

பீட்டர் கிரீன்ஸ் உருவாக்கிய பி.என்.டி. கருவி, கிளாஸ் கோப்புகளைப் படித்துத் தேவைகளைத் தானே கணக்கிட்டு எழுதத் தொடங்கியபின், 'இம்போர்ட்-பேக்கேஜ்' வரியைக் கையால் செதுக்குவோர் அருகினர். இதில் குறைசொல்ல ஏதுமில்லை; ஆயினும் ஓடும்போதே உருவாகும் பெயர்ச் சரத்தைக் கொண்டு ஏற்றப்படும் கிளாஸ் அக்கருவியின் கண்ணில் படுவதில்லை. அங்கே வேண்டிய பேக்கேஜை ஒரு வரி எழுதிச் சேர்ப்பதை விட்டு, 'டைனமிக்இம்போர்ட்-பேக்கேஜ்' தலைப்பில் ஓர் உடுக்குறி இட்டு எதையும் எங்கிருந்தும் ஏற்கச் செய்வோர் உண்டு. அதனால், தேவை நிறைவேறவில்லை என்று தொகுதிகளை இணைக்கும் கட்டத்திலேயே வந்திருக்க வேண்டிய செய்தி, பயனர் பொத்தானை அழுத்திய பின்பே பிழையாக வந்து நிற்கிறது.