அமிலத்தை அணைத்துவிட்டு இரும்பை விழுங்கலாமா?

பூலாம்பாடியில் பள்ளிக்குச் செல்லும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். இரத்தசோகை வராதிருக்க வாரம் ஒரு நீல நிற மாத்திரை அவளுக்குக் கிடைக்கிறது. 2018ஆம் ஆண்டின் தேசியத் திட்டப்படி அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. மாத்திரை போட்டதும் வயிறு எரிகிறது என்கிறாள். வீட்டில் உடனே அன்டாசிட் மருந்தை ஒரு மூடி ஊற்றிக் கொடுக்கிறார்கள். எரிச்சல் அடங்குகிறது, மாத்திரையின் பயனும் குறைந்துவிடுகிறது!

ஏன் என்கிறீர்களா? இரும்பு கரைந்த நிலையில் இருந்தால்தான் சிறுகுடலின் முற்பகுதி அதை உறிஞ்சும். அதைக் கரைத்து வைப்பது இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அந்த அமிலத்தைத்தான் நாம் அணைத்துவிட்டோம்.

அமிலத்தைப் பகைவனாகவே பார்க்கப் பழகிவிட்டோம். பெப்சின் என்னும் நொதி செயலற்ற வடிவில் சுரந்து, அமிலம் பட்ட பிறகே புரதத்தைச் செரிக்கத் தொடங்குகிறது. உணவுப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12 வைட்டமினைப் பிரித்தெடுக்கவும் இவ்விரண்டும் வேண்டும். கணையத்தின் டிரிப்சின் இருப்பதால் புரதச் செரிமானம் நின்றுவிடாது. பி12 விஷயம் அப்படியல்ல. 1988இல் விற்பனைக்கு வந்த ஒமிப்ரசோலும் அதன் இனத்தைச் சேர்ந்த பான்டொப்ரசோலும் அமிலச் சுரப்பையே அடக்குகின்றன. பல ஆண்டுகள் நாள்தோறும் விழுங்கினால் பி12 குறையக்கூடும். கல்லீரல் சேமிப்பு நெடுநாள் தாங்குவதால் குறை வெளியே தெரியவே காலமாகும். நீரிழிவுக்கான மெட்ஃபார்மினும் பி12ஐக் குறைக்கக்கூடியதே. இரண்டையும் சேர்த்து உண்போர் எத்தனை பேர்!

இதைவிட வேடிக்கை, அன்டாசிட்டோடு பெப்சின் கலந்த செரிமான டானிக்கையும் குடிப்பது. அமிலமின்றிப் பெப்சின் என்ன செய்யும்? நொதிக் கலவைகளை அரசும் விட்டுவைக்கவில்லை. 2024 ஆகஸ்டில் தடை செய்யப்பட்ட 156 கூட்டு மருந்துகளில், அமைலேஸ், லைப்பேஸ், பப்பெயின் என்று பத்துக்கும் மேற்பட்ட நொதிகளைக் குழைத்த ஒன்றும் இருந்தது.

மருந்தைக் குறை சொல்லவில்லை. குடற்புண் உள்ளவர்களும், ஆஸ்பிரின் உண்பதால் மருத்துவர் சொல்லி அமிலம் குறைப்பவர்களும் தாமாக நிறுத்தக் கூடாது. குறை, பான்டொப்ரசோலைச் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் வழக்கத்தில் இருக்கிறது. சட்டப்படி அது மருத்துவர் சீட்டுக்கே உரிய மருந்து.

நம் மாணவிக்கு வழி எளியது. இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போடட்டும். கூடவே ஒரு நெல்லிக்காய். தேநீர் ஒரு மணி நேரம் கழித்து. அன்டாசிட் வேண்டியே ஆகுமென்றால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி. இதை அன்டாசிட் புட்டியின் மேல் தமிழில் அச்சடித்தால் என்ன? ஆங்கிலப் பொடி எழுத்தை அவள் வீட்டில் யார் படிப்பார்கள்?