கேபினில் இரண்டாவது ஆள்

கேம்பர் வேன் பயணம் என்றாலே இப்போது நம் எல்லோருக்கும் ஒரே படம்தான் மனதில் வருகிறது. வேனின் பின்கதவு திறந்திருக்கும். மெத்தையில் இரண்டு ஜோடிக் கால்கள். கால்களுக்கு அப்பால் யூட்டாவின் செம்பாறைகளோ அரிசோனாவின் பாலைவனமோ. ஃபாஸ்டர் ஹன்டிங்டன் என்ற அமெரிக்கர் 2011 வாக்கில் வேலையை விட்டுவிட்டு வேனில் வாழப்போய், 'வேன்லைஃப்' என்ற ஹேஷ்டேக்கைப் பிரபலமாக்கியதில் இருந்து இந்தப் படம் ஓயவில்லை. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஒரு ஜோடி வண்டியில் சுற்றுவது என்பது இன்றைக்குத் தனி இலக்கிய வகைமாதிரி ஆகிவிட்டது. லடாக்குக்கும் ஸ்பிட்டிக்கும் போகும் நம் ஊர் ஜோடிகளும் அதே கோணத்தில்தான் காலை நீட்டிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். அதன் அழகு எனக்கும் பிடிக்கும், இல்லேன்னு சொல்லல. ஆனால் அந்தப் படத்தில் கழுவாத பாத்திரம் ஒண்ணுகூட இருக்காது. கவனிச்சுப் பாருங்க.

இதை நான் கவனித்ததற்குக் காரணம் ஊர்தான். எருமப்பட்டியில் வளர்ந்தவர்களுக்கு வண்டிக்குள் குடித்தனம் செய்வது அதிசயம் இல்லை. நாமக்கல் பட்டறைகளில் லாரிக்குப் பாடி கட்டும்போதே டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுக்க ஒரு பலகை வைத்துத்தான் கட்டுவார்கள். உள்ளே சின்ன ஸ்டவ், தண்ணீர் கேன், அரிசி, பருப்பு, கண்ணாடிக்கு மேலே சாமி படம். வடக்கே நடை போகிற வண்டியில் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் வீட்டில் இருந்தே போகும். ஒரு நடை என்பது இருபது நாளும் ஆகும், ஒரு மாசமும் ஆகும். அப்பா இருபது வருசத்துக்கு மேல் அப்படி ஓட்டினார். எங்கள் வீட்டில் அதைப் பயணம் என்று யாரும் சொன்னதில்லை. "வண்டிக்குப் போயிருக்காரு" என்பதுதான் பேச்சு.

அம்மா அந்த கேபினில் ஏறியது ஆயுதபூஜைக்குப் பொட்டு வைக்க மட்டும். அதனாலோ என்னவோ, நான் படித்த எந்தப் பயணப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னாலும் அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: "சோறு யாரு கண்ணு ஆக்குனாங்க?" பெரிய பெரிய கோட்பாடுகளை எல்லாம் படித்துப் பார்த்துவிட்டேன். பயண இலக்கியத்தைச் சோதிக்க இதைவிட நல்ல கேள்வி எனக்கு அகப்படவில்லை. யார் ஓட்டினார்கள், யார் ஆக்கினார்கள், யார் எழுதினார்கள். இந்த மூன்றுக்கும் ஒரே ஆளின் பெயரைப் போட்டிருந்தால் எங்கேயோ இன்னொரு ஆளை மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதலில் ஜான் ஸ்டைன்பெக். 1960 செப்டம்பரில், 58 வயதில், ஜி.எம்.சி. பிக்கப் டிரக்கின் முதுகில் கேம்பர் பெட்டி ஒன்றைப் பொருத்திக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பினார். துணைக்குச் சார்லி என்ற பூடில் நாய். 1962இல் 'டிராவல்ஸ் வித் சார்லி' வந்தது. அதே வருசம் அவருக்கு நோபலும் கிடைத்தது. தன் நாட்டைத் தேடித் தனியாகப் போன ஒரு வயதான எழுத்தாளர் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் வசீகரம். மனைவி இலெய்ன் அதில் வருகிறார். சிகாகோவில் வந்து பார்க்கிறார், டெக்சாஸில் வந்து சேர்கிறார். விருந்தாளி மாதிரி வந்து விருந்தாளி மாதிரியே போய்விடுகிறார்.

பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் 2010இல் அதே வழியில் வண்டி ஓட்டிக்கொண்டு போய்ச் சரிபார்த்தார். நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கும் கையெழுத்துப் பிரதியையும் படித்தார். பயண நாட்களில் பாதிக்கும் மேல் இலெய்ன் கூடவே இருந்தார் என்பது அவருடைய கணக்கு. குறிப்பாக மேற்கில், சியாட்டிலில் இருந்து பசிபிக் கரையோரமாகக் கலிஃபோர்னியா வரை வந்தது கணவனும் மனைவியும் சேர்ந்துதான். முதல் வரைவில் 'நாங்கள்' என்று இருந்த இடங்கள் அச்சில் 'நான்' ஆகியிருந்தன. அப்படியென்றால் அந்த மேற்கு மாநிலப் பகுதிகள் உண்மையில் ஒரு ஜோடியின் பயணம். புத்தகத்தின் 50ஆம் ஆண்டுப் பதிப்பில் ஜே பரினியின் முன்னுரையைத் திருத்தி, இதை அப்படியே உண்மை வரலாறாகப் படிக்க வேண்டாம் என்கிற பொருளில் சேர்க்க வேண்டி வந்தது.

இலக்கிய விவாதங்களில் இதை 'ஸ்டைன்பெக் பொய் சொன்னாரா' என்ற கேள்வியாக மாற்றிவிட்டார்கள். எனக்கு அது சுவாரசியமான கேள்வியாகப் படவில்லை. பயண எழுத்தில் கொஞ்சம் கூட்டல் கழித்தல் எல்லோரும் செய்வதுதான். நான் கேட்பது, கழிக்க வேண்டும் என்று வந்தபோது ஏன் இலெய்னைக் கழித்தார் என்பது. சாலையில் சந்தித்த ஆட்களைக் கழிக்கவில்லை, நாயைக் கழிக்கவில்லை. தனிமை என்ற சரக்கு விலைபோக வேண்டுமானால் பக்கத்துச் சீட் காலியாக இருக்கவேண்டும். வேடிக்கை என்னவென்றால், அவர் தன் வண்டிக்கு வைத்த பெயர் ரோசினாந்தே. டான் கிஹோத்தேயின் குதிரை. செர்வான்டிஸுக்குத் தெரியும், அந்தக் கிழவனைத் தனியாக அனுப்பினால் கதை இரண்டு அத்தியாயத்தில் செத்துவிடும் என்று. அதனால்தான் சோற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் சாஞ்சோவைக் கூட அனுப்பினார். ஸ்டைன்பெக் குதிரையை எடுத்துக்கொண்டார், சாஞ்சோவை விட்டுவிட்டார்.

நபகோவ் கதை இன்னும் விசேஷம். அவருக்குக் கடைசிவரை வண்டி ஓட்டத் தெரியாது. அமெரிக்காவில் இருந்த காலத்தில் கோடைக்குக் கோடை மேற்கு மாநிலங்களுக்குப் பட்டாம்பூச்சி பிடிக்கப் போவார். ஓட்டியது மனைவி வேரா. ஓல்ட்ஸ்மொபைல் காரில் ஆயிரக்கணக்கான மைல். கேம்பர் வேன் இல்லை, மோட்டல்களில்தான் தங்கினார்கள். 'லோலிதா'வின் பெரும்பகுதி இந்தப் பயணங்களில், சின்ன அட்டைகளில் எழுதப்பட்டது. சில நாள் நிறுத்தியிருந்த காருக்குள்ளேயே உட்கார்ந்து எழுதினார். நாவலில் ஹம்பர்ட் ஓட்டுகிறான், பக்கத்தில் இருக்கும் சிறுமிக்கு இறங்கிப்போக வழியில்லை. ஸ்டியரிங் யார் கையில் இருக்கிறதோ அவன் கையில் எல்லாம் என்பதுதான் அந்த நாவலின் பயங்கரம். அதை எழுதியவரோ வாழ்நாள் முழுக்கப் பயணி இருக்கையில் உட்கார்ந்தவர். எங்கே திரும்பும், எப்போது நிற்கும் என்று தன் கையில் இல்லாத ஆளுக்குத்தான் அந்த பயங்கரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று நான் நினைக்கிறேன். 'லோலிதா'வின் சமர்ப்பணம் வேராவுக்கு. ஒரு சமர்ப்பணத்துக்கும் ஒரு ஆசிரியர் பெயருக்கும் நடுவில் எத்தனை ஆயிரம் மைல்!

இந்த மறைப்பு வேலையைச் செய்யாத ஒரு கேம்பர் வேன் புத்தகம் இருக்கிறது. அது அமெரிக்காவில் நடக்கவில்லை. ஹூலியோ கோர்த்தஸாரும் கரோல் டன்லப்பும் 1982 மே 23 அன்று பாரிஸில் இருந்து ஒரு சிவப்பு ஃபோக்ஸ்வாகன் வேனில் மார்செய்க்குக் கிளம்பினார்கள். சுமார் 800 கிலோமீட்டர். இங்கே நாமக்கல்லில் இருந்து ஹைதராபாத் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஒரு பகலில் முடிகிற அந்தத் தூரத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது 33 நாள். விதி இதுதான்: நெடுஞ்சாலையை விட்டு வெளியே போகவே கூடாது, ஒரு நாளைக்கு இரண்டு வண்டி நிறுத்தங்கள், இரண்டாவதில் ராத்தங்கல். புத்தகம் 1983இல் வந்தது. ஆங்கிலத்தில் ஆன் மெக்லீன் மொழிபெயர்த்திருக்கிறார்.

வேனுக்கு வாக்னரின் டிராகன் பெயர், ஃபாஃப்னர். இரண்டு மடக்கு நாற்காலிகள், மேலே படுமோசமான பூப்போட்ட துணி, அதற்கும் ஒரு கிண்டல் பெயர். மரத்தடியில் டைப்ரைட்டர். தங்களைப் பெரிய ஆராய்ச்சிப் பயணிகளாகப் பாவித்துக்கொண்டு நேரம், வெப்பநிலை, வண்டி எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது, காலையில் என்ன சாப்பிட்டோம், மதியம் என்ன, ராத்திரி என்ன என்று நாள்வாரியாகக் குறிப்பு எழுதுகிறார்கள். அட்டையில் இரண்டு பெயர். கரோலின் மகன் வரைந்த வரைபடங்களும் உள்ளே உண்டு. அம்மாவின் கேள்விக்கு நேரடியாகப் பதில் வைத்திருக்கும் உலக இலக்கியப் பிரதி என்று நான் இதைத்தான் சொல்வேன்.

இதை வெறும் விளையாட்டுப் புத்தகமாக எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். எனக்கு அது பொருந்தவில்லை. இரண்டு பேருக்குமே உடம்பு சரியில்லாத காலம் அது. நேரம் குறைவாக இருப்பவர்கள், இருக்கிற நேரத்தை வேண்டுமென்றே மெதுவாகச் செலவு செய்கிறார்கள். பயணம் முடிந்த அதே வருசம் நவம்பரில் கரோல் 36 வயதில் இறந்துபோனார். மீதிப் புத்தகத்தைக் கோர்த்தஸார் தனியாக முடித்தார். 1984 பிப்ரவரியில் அவரும் போய்விட்டார். ஸ்டைன்பெக் 'நாங்கள்' என்பதை 'நான்' என்று அடித்துத் திருத்தினார். இங்கே ஒரு மனிதர், பக்கத்து இருக்கை நிஜமாகவே காலியான பிறகும் 'நாங்கள்' என்பதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடிந்ததில்லை.

ஆனாலும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். அவர்கள் விளையாட்டாகச் செய்த அதே நிறுத்தத்தை வேலையாகச் செய்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். லோடு கிடைக்காமல் ஏதோ ஒரு ஊர் ஓரத்தில் நாலு நாள் வண்டியைப் போட்டுக்கொண்டு கிடப்பது, ஆலை வாசலில் டேங்கரோடு வரிசையில் கிடப்பது. அப்பாவின் 33 நாட்களில் பாதி நாள் இப்படித்தான் போகும். பக்கத்தில் கிளீனர் பையன். அவன்தான் சோறாக்குவான், டயர் தட்டிப்பார்ப்பான், டிரைவர் கண் அசந்தால் பேச்சுக்கொடுப்பான். எங்கள் பக்கத்துச் சாஞ்சோ அவன்தான். இன்றைக்குக் கட்டுப்படியாகாமல் பல வண்டிகளில் அவனும் இல்லை, டிரைவர் ஒற்றையாகப் போகிறார். ஸ்டைன்பெக் புத்தகத்தில் கற்பனை செய்துகொண்ட தனிமை இவர்களுக்குச் சம்பளத்தோடு சேர்ந்து வருகிறது.

அம்மாவிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. அப்பா எஸ்.டி.டி. பூத்தில் இருந்து பக்கத்து வீட்டு போனுக்குப் பேசும்போதெல்லாம் அதில் எழுதுவார். 'நாப்பூர். லோடு இல்ல.' 'இந்தூர். வெங்காயம். 400 அனுப்பறாரு.' 'ஜான்சி. காச்சல்.' கணக்குக்காக எழுதியதுதான், ஞாபகத்துக்காக இல்லை. கோர்த்தஸார் - டன்லப்பின் நாட்குறிப்பைப் படித்தபோது எனக்கு இந்த நோட்டுதான் கண்முன்னே வந்தது. தேதி, இடம், சரக்கு, உடம்பு. வண்டியில் ஏறாத ஆள் எழுதிய பயணக் குறிப்பு. ஒரு ஜோடியின் நெடுஞ்சாலைக் கதை எங்கள் ஊரில் இப்படி இரண்டு துண்டாகத்தான் கிடைக்கும். ஒரு துண்டு கேபினில் இருக்கும், இன்னொன்று அடுப்படி அலமாரியில் இருக்கும். தமிழ்க் கதைகளில் லாரி வராமல் இல்லை. பெரும்பாலும் விபத்தாக வரும், இல்லையென்றால் யாரையோ ஏற்றிக்கொண்டு ஓடிப்போகும். ஓடுகிற வண்டிக்குள் ஒரு குடும்பத்தின் பாதி இருக்கிறது என்ற இடத்தில் நின்று எழுதிய பெரிய நாவலுக்கு நான் இன்னும் காத்திருக்கிறேன்.

அதுவரைக்கும் யூடியூப் இருக்கிறது. கோட்டயம் பக்கம் ஏற்றுமானூரைச் சேர்ந்த ஜலஜா ரதீஷ், ரதீஷ் தம்பதியின் 'புத்தேட்டு டிராவல் விளாக்'. சொந்த லாரி நிறுவனம். ஜலஜா கனரக லைசென்ஸ் எடுத்து, 2022இல் கணவரோடு காஷ்மீர் வரை லாரி ஓட்டிப் போனார். அதற்கப்புறம் இந்தியாவின் பல மூலைகளுக்கும் போயாயிற்று. மலையாளம்தான், ஆனால் லாரிக்காரர் வீட்டுக்கு சப்டைட்டில் தேவைப்படாது. டோல், டீசல், லோடு, பஞ்சர், சமையல், தூக்கம். ஸ்ரீநகரில் இருந்து கன்னியாகுமரி வரும் 44ஆம் நம்பர் நெடுஞ்சாலை நாமக்கல்லைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. அதே ரோட்டின் மறுமுனையை அம்மா முதல்தடவையாகப் பார்த்தது இவர்கள் தயவில்.

வடிவம் என்று பார்த்தால் இது வேன்லைஃப் ரீல்களுக்கு நேர் எதிர். காட்சிக்காக வண்டி நிற்பதில்லை, சரக்குக்காக ஓடுகிறது. அழகு வந்தால் கண்ணாடி வழியாக வந்துவிட்டுப் போகும். பாத்திரம் தெரியும். வேராவுக்குக் கிடைக்காதது ஜலஜாவுக்குக் கிடைத்திருக்கிறது: ஓட்டுவது அவர், கதையின் நாயகியும் அவர். கிளீனர் போன இடத்தில், கூலிக்கு இல்லாமல், கணவன் மனைவி ஒருத்தருக்கொருத்தர் இரண்டாவது ஆளாக இருக்கிறார்கள்.

இதில் விமர்சனமே இல்லை என்று சொல்லமாட்டேன். முதலாளியின் லாரியில் மாதச் சம்பளத்துக்கோ படிக்கோ ஓட்டுகிறவர், 'என் சம்சாரமும் வரட்டும்' என்று சொல்லிவிட முடியாது. சொந்த வண்டி என்பதால் சாத்தியமான ஜோடி இது. அப்புறம், கேமரா எப்போதும் சந்தோசமாகவே இருக்கிறது. இருபது நாள் ஒரு சின்ன கேபினில் இருக்கும் இரண்டு பேர் சண்டை போடாமலா இருப்பார்கள்? 'நோமேட்லாண்ட்' படம் இந்த விஷயத்தில் கறார். 2011இல் நெவாடாவின் எம்பயர் ஊர் ஜிப்சம் ஆலையோடு சேர்ந்து மூடப்பட, கணவனையும் இழந்த ஃபெர்ன் மேற்கு மாநிலங்களில் வேனில் அலைகிறாள், அமேசான் கிடங்கில் பெட்டி கட்டுகிறாள். ஜோடி முறிந்துபோன பிறகு அந்த வேனுக்குள் மிஞ்சுவது என்ன என்று க்ளோயி ஜாவோ அவசரப்படாமல் காட்டுகிறார். ஜெசிகா புரூடரின் 2017 புத்தகம் இன்னும் கடுமையானது.

புத்தேட்டு வீடியோக்களில் எனக்குப் பிடித்த பகுதிகள் பேச்சு இல்லாத இடங்கள். ராத்திரி, வைப்பர் ஓடுகிறது, எதிரே லாரிகளின் வெளிச்சம், ஜலஜா எதுவும் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் அவருக்குள் என்ன ஓடுகிறது என்பதை கேமராவால் எடுக்க முடியாது. யாராவது அவரிடம் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்தால் தேவலை.