'தானியங்கி' என்ற சொல் மறைப்பது என்ன?

ஆலைக் கட்டுப்பாட்டு முறைகளைத் தமிழில் விளக்கும் விதம் பற்றி ஒரு திறனாய்வு

சர்க்கரை ஆலை, உரத் தொழிற்சாலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், அனல்மின் நிலையம் ஆகிய எதனுள்ளே நுழைந்தாலும், வெப்பம், அழுத்தம், நீர்மட்டம், பாய்வு என்னும் நான்கையும் இரவு பகலாகக் காவல் காக்கும் ஏற்பாடு ஒன்றைக் காணலாம். ஓர் அளவுகருவி, ஒரு கட்டுப்படுத்தி, ஒரு வால்வு ஆகிய மூன்றும் ஆலையோடு சேர்ந்து வட்டமாக இணைந்திருப்பதால் இதனைக் கட்டுப்பாட்டு வளையம் என்கிறோம். பெரிய ஆலை ஒன்றில் இத்தகைய வளையங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

இந்த இயல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1949இல் குரோம்பேட்டையில் தொடங்கிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் கருவியியலைத் தனிப் பாடமாகவே வைத்தது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிலும் கற்பிக்கத் தொடங்கியது. ஆயினும் கட்டுப்பாட்டு வளையம் பற்றித் தமிழ் மாணவன் கைக்கு வந்து சேரும் விளக்கம் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்திருக்கிறது. அந்த வார்ப்பில் உள்ள குறைகளை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். குறை கூறுபவன் மாற்று வழியையும் காட்டியாக வேண்டும் அல்லவா? அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கலசப்பாக்கம், போளூர், ஆரணி வட்டாரத்துப் பட்டுச் சாயத் தொட்டியும் நெல் அவிக்கும் ஆலையுமே போதும்.

சலவைப் பெட்டியோடு நிற்கும் பாடம்

வழக்கமான விளக்கம் எப்படித் தொடங்குகிறது? "தானியங்கி என்றால் தானே இயங்குவது" என்று தொடங்குகிறது. அடுத்து மின்சாரச் சலவைப் பெட்டி எடுத்துக்காட்டாக வருகிறது. அதனுள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை சூடேறியதும் வளைந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. ஆறியதும் மீண்டும் இணைக்கிறது. அதற்கடுத்த பக்கத்தில் தொகையீடும் வகையீடும் கலந்த ஒரு சமன்பாடு. பிறகு கட்டுப்பாட்டு முறைகளின் பெயர்ப்பட்டியல். பாடம் முடிந்தது!

இதில் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, 'தானே இயங்குவது' என்ற தொடக்கமே தவறான எண்ணத்தை விதைக்கிறது. ஆலையில் எதுவும் தானே இயங்குவதில்லை. அளந்து, வேண்டிய அளவோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கு ஏற்பத் திருத்தி, மறுபடியும் அளந்து பார்ப்பதுதான் கட்டுப்பாடு. இந்த நான்கு செயல்களில் முதலாவதும் கடைசியுமான அளத்தலை 'தானே' என்ற சொல் விழுங்கிவிடுகிறது.

இரண்டாவது குறை, சலவைப் பெட்டி. தொடங்குவதற்கு அது நல்ல எடுத்துக்காட்டுத்தான். ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. அதில் உள்ளவை இரண்டே நிலைகள். மின்சாரம் உண்டு, அல்லது இல்லை. வெப்பம் சில டிகிரி கூடினாலும் குறைந்தாலும் துணிக்குக் கேடில்லை. பட்டையும் சூடேறும் தகட்டின் அருகிலேயே இருப்பதால் செய்தி தாமதமின்றி வந்து சேர்கிறது. ஆலையிலோ, வால்வைத் திறந்த பலன் கருவியில் தெரியப் பல நிமிடங்கள் ஆகலாம். இந்தக் காலதாமதமே கட்டுப்பாட்டு இயலின் தலையாய சிக்கல். சலவைப் பெட்டி அதனைக் காட்டவே காட்டாது.

மூன்றாவது, பெயர்ப்பட்டியல். ஒவ்வொரு முறையும் எந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்தது என்று சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால், அது நோயைச் சொல்லாமல் மருந்துக் கடையின் அலமாரியைக் காட்டுவது போன்றதே.

சாயத் தொட்டியில் கட்டுப்பாட்டு இயல்

இப்போது ஒரு பட்டுச் சாயப் பட்டறையைக் கருதுவோம். பட்டு நூலின்மேல் உள்ள பசையைச் சோப்பு நீரில் காய்ச்சி நீக்கிய பிறகே சாயமேற்றுகின்றனர். சாய நீர் நல்ல சூட்டில் இருக்க வேண்டும்; ஆனால் தளதளவென்று கொதித்தால் பட்டின் மென்மையும் பளபளப்பும் கெடும். சூடு விரைவாக ஏறினாலோ சாயம் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் பிடிக்கும். நூலில் விழுந்த திட்டு, சேலையில் கோடாகத் தெரியும். நெசவாளியின் பல நாள் உழைப்பு அந்த ஒரு கோட்டினால் விலை குறையும். ஆகவே இங்கே வெப்பக் கட்டுப்பாடு என்பது வெறும் ஏட்டுப் பாடம் அன்று.

சாயக்காரர் நீரின் சூட்டைக் கவனித்து விறகைத் தள்ளுகிறார் அல்லது இழுக்கிறார். விளைவைப் பார்த்து வினையைத் திருத்தும் இதுவே பின்னூட்டக் கட்டுப்பாடு. இதன் பலம், சூடு ஏன் குறைந்தது என்று தெரியாவிட்டாலும் அதனைச் சரிசெய்யும் என்பது. காற்றடித்ததா, விறகு ஈரமா, நீர் குறைந்ததா என்ற கேள்விகள் அதற்கு வேண்டியதில்லை. இதன் பலவீனம், தவறு நேர்ந்த பிறகே அது விழித்துக்கொள்ளும் என்பது.

தொட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றப் போகும்போது அனுபவமுள்ளவர் சூடு இறங்கும்வரை காத்திருப்பதில்லை. ஊற்றும்போதே விறகைக் கூட்டிவிடுகிறார். தொல்லை வருவதைக் கண்டு முன்கூட்டியே திருத்தும் இது முன்னூட்டக் கட்டுப்பாடு. இதற்குத் தாமதமில்லை. ஆனால் எவ்வளவு நீருக்கு எவ்வளவு விறகு என்ற கணக்கு தெரிந்திருக்க வேண்டும். எதிர்பாராத தொல்லை வந்தால் இதற்குக் கண் தெரியாது. அதனால்தான் ஆலைகளில் முன்னூட்டத்தைத் தனியே விடாமல் பின்னூட்டத்தோடு சேர்த்தே அமைக்கிறார்கள்.

நூலின் எடைக்கு இத்தனை விழுக்காடு சாயம் என்று நிறுத்துப் போடுவது விகிதக் கட்டுப்பாடு. கொதிகலனில் எரிபொருளுக்கு ஏற்ற காற்றைச் செலுத்துவதும் இதே தத்துவம்தான்.

நீராவியால் சூடேற்றும் பட்டறையானால் இன்னொரு தொல்லை உண்டு. கொதிகலனின் அழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம், வால்வு அசையாமல் இருந்தாலும் அதன் வழியே வரும் நீராவி கூடிக் குறையும். அது சாய நீரின் சூட்டில் தெரிவதற்குள் நேரம் கடந்துவிடும். இதற்கு மருந்து, ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் வைப்பது. வெளி வளையம் சாய நீரின் சூட்டைப் பார்த்து 'இவ்வளவு நீராவி வேண்டும்' என்று மட்டும் சொல்லும்; உள் வளையம் நீராவிப் பாய்வை அளந்து அந்த அளவை உடனுக்குடன் நிறைவேற்றும். மேற்பார்வையாளருக்கும் ஆளுக்கும் உள்ள உறவு போன்றது இது. இதனை 'அருவி' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மாணவன் நீர்வீழ்ச்சியைத்தான் நினைப்பான். 'அடுக்குக் கட்டுப்பாடு' என்றால் பொருள் துலங்கும். உள் வளையம் வெளி வளையத்தைவிட வேகமாகச் செயல்பட வேண்டும் என்பதே இதில் நினைவில் வைக்க வேண்டிய விதி. ஆள் மேற்பார்வையாளரைவிட மெதுவாக இருந்தால் இருவரும் சேர்ந்து குழப்பத்தையே உண்டாக்குவர்.

கடைசியாக, சாயம் எப்படிப் போனாலும் போகட்டும், கொதிகலனில் நீர் அபாய அளவுக்குக் கீழே இறங்கினால் தீயை அணைத்தே ஆக வேண்டும். ஒரு வளையத்தின் ஆணையை மற்றொன்று தள்ளிவைக்கும் இது மேலாணைக் கட்டுப்பாடு.

ஐந்து பெயர்கள்தாம், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு விடை. தொல்லை எங்கிருந்து வருகிறது? அது நமக்கு எவ்வளவு தாமதமாகத் தெரிகிறது? இந்த இரண்டு கேள்விகளையும் முதலில் கேட்கக் கற்றுக்கொடுத்தால் பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சமன்பாட்டுக்கு முன்னே பொருள்

கட்டுப்படுத்தி எந்த அளவு திருத்த வேண்டும்? இங்கேதான் தொகையீடும் வகையீடும் வருகின்றன. மாணவன் மிரள்வதும் இங்கேதான். உண்மையில் அவை சொல்வது மூன்று எளிய செய்திகள். இப்போது எவ்வளவு தவறு என்று பார்ப்பது விகிதச் செயல். இது மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஒரு சிறு தவறு நிரந்தரமாகத் தங்கிவிடும். ஏனெனில் தவறு முற்றிலும் நீங்கினால் திருத்தமும் நீங்கிவிடும்! இதுவரை சேர்ந்த தவறு எவ்வளவு என்று பார்ப்பது தொகைச் செயல். தங்கிய தவறை அது சிறிது சிறிதாகக் கரைக்கும். தவறு எந்த வேகத்தில் வளர்கிறது என்று பார்ப்பது வீதச் செயல். தொட்டி கொதிக்குமுன்பே விறகை இழுத்துவிடும் கை அது.

இந்த மூன்றையும் மிகுதியாகப் போட்டால் என்ன ஆகும்? சூடு இறங்கியதென்று அவசரமாக விறகைத் திணித்து, ஏறியதென்று அவசரமாக இழுத்து, மேலும் கீழும் ஊசலாட வேண்டியதுதான். 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்துக்குச் சுழலும் குண்டுகளால் ஆன வேகங்காப்பியைப் பொருத்தினார். இத்தகைய கருவிகள் சில வேளைகளில் வேகத்தை நிலைநிறுத்தாமல் ஊசலாடியதன் காரணத்தை 1868இல் மாக்ஸ்வெல் கணித முறையில் ஆராய்ந்தார். கட்டுப்படுத்திகளைச் சரியான அளவில் இசைக்கும் எளிய விதிகளை 1942இல் சீக்லர், நிக்கோல்ஸ் என்ற இருவர் வெளியிட்டனர். அவற்றின் மையக் கருத்தை ஒரு வரியில் சொல்லலாம்: தாமதம் மிகுந்த இடத்தில் மென்மையாகத் திருத்து.

எதிர்மறை என்றால் கெட்டதா?

கலைச்சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'எதிர்மறைப் பின்னூட்டம்' என்றால் இன்று பலருக்கும் கண்டனம் என்றும், 'நேர்மறைப் பின்னூட்டம்' என்றால் பாராட்டு என்றும் பொருள்படுகிறது. ஆலையிலோ நிலைமை தலைகீழ். எதிர்மறைப் பின்னூட்டமே ஆலையைக் காப்பது. கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டுவது. நேர்மறைப் பின்னூட்டம் கூடினால் மேலும் கூட்டும். வெப்பம் உமிழும் வேதிவினை ஒன்றில் சூடு ஏற ஏற வினை விரைவதும், வினை விரைய விரையச் சூடு ஏறுவதும் அத்தகையது. அதன் முடிவு வெடிப்பாகவும் இருக்கலாம். பொருள் இவ்வாறு புரண்டுவிட்ட பிறகு, பழைய சொல்லை விளக்கமின்றி எழுதுவது மாணவனை வழி தவற விடுவதாகும். 'எதிர்த்துத் திருத்தும் பின்னூட்டம்', 'பெருக்கிவிடும் பின்னூட்டம்' என்று எழுதினால் சொல்லே பாடம் சொல்லும்.

பொய் சொல்லும் நீர்மட்டம்

இனி நெல் அவிக்கும் ஆலைக்கு வருவோம். ஆரணி, களம்பூர் பகுதி அரிசி ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. நெல்லைச் சுடுநீரில் ஊறவைத்து, நீராவியில் அவித்து, உலர்த்திப் புழுங்கல் அரிசி ஆக்குகின்றனர். இதற்கு வேண்டிய நீராவியைக் கொதிகலன் தருகிறது. உமியே எரிபொருளாகப் பயன்படுகிறது.

அவிக்கும் தொட்டிகளுக்கு நீராவியைச் சட்டென்று திறந்துவிட்டால் கொதிகலனின் நீர்மட்டம் என்ன ஆகும்? நீராவி வெளியேறுவதால் மட்டம் இறங்கும் என்பீர்கள். முதலில் நடப்பது அதுவன்று, மட்டம் ஏறும்! அழுத்தம் குறைந்ததும் நீருக்குள் இருக்கும் குமிழிகள் பருத்து, நீரை மேலே தூக்குகின்றன. பால் பொங்குவது போல என்று கொள்ளலாம். உள்ளே இருக்கும் நீரின் எடை குறைந்துகொண்டிருக்கும்போதே கண்ணாடிக் குழாயில் மட்டம் உயர்ந்து தெரிகிறது.

மட்டத்தை மட்டும் பார்க்கும் எளிய வளையம் இப்போது என்ன செய்யும்? நீர் மிகுந்துவிட்டது என்று எண்ணி, மேலும் நீர் வேண்டிய அந்த நேரத்தில் வரத்தைக் குறைக்கும். சிறிய கொதிகலனில் எடுக்கும் நீராவியை நோக்க இருப்பு நீர் அதிகம் ஆதலால் இது பெரும் தீங்கு செய்வதில்லை. மிதவையால் இயங்கும் பம்பே அங்குச் சமாளித்துவிடும். நெய்வேலி, மேட்டூர் போன்ற அனல்மின் நிலையங்களின் பெருங்கொதிகலன்களிலோ சில நிமிடத் தவறும் ஆபத்து. அங்கே மேற்கொள்ளும் வழக்கமான ஏற்பாட்டில் மூன்று அளவுகள் சேர்கின்றன. வெளியேறும் நீராவியை அளந்து அதே அளவு நீரை உடனே கேட்பது முன்னூட்டம். உள்ளே வரும் நீரின் பாய்வை அளந்து அந்த அளவை நிறைவேற்றுவது உள் வளையம். நீர்மட்டத்தைப் பார்த்து நிதானமாக மிச்சத்தைத் திருத்துவது பின்னூட்டம். பட்டியலில் தனித்தனியே கிடந்த மூன்று பெயர்கள் இங்கே ஒரே வேலையில் கைகோத்து நிற்கின்றன. இந்த ஓர் எடுத்துக்காட்டு பத்துச் சலவைப் பெட்டிகளுக்குச் சமம்.

விளக்கு அணைந்தால் வால்வு மூடியதா?

அளவுகருவி காட்டுவதன் பொருளை அறியாமல் போனால் என்ன விளையும் என்பதற்குச் சான்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையம். 1979 மார்ச் 28 அன்று அங்கே அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த ஒரு வால்வு மீண்டும் மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ அணைந்துவிட்டது. 'மூடு' என்ற கட்டளை போயிற்று என்பதை மட்டுமே அந்த விளக்கு அறிவித்தது. வால்வு உண்மையில் மூடிற்றா என்பதை அன்று. வளையத்தின் கடைசி அடி, அதாவது அளந்து பார்த்தல், விடுபட்டிருந்தது. அதே வேளையில் அழுத்தக் கலத்தின் நீர்மட்டம் உயர்ந்து தெரிந்தது. நீர் மிகுந்துவிட்டது என்று நம்பிய இயக்குநர்கள் அவசர நீர்வரத்தைக் குறைத்தனர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. உலையின் உள்ளகம் ஒரு பகுதி உருகிற்று. காரணங்கள் வேறாயினும், மட்டம் உயர்ந்து தெரிவதும் நீர் மிகுவதும் ஒன்றல்ல என்பதை நெல் ஆலையில் நாம் கண்டோம். அந்தப் பாடம் அங்கே மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்கப்பட்டது.

நமக்கு வேண்டுவது

இவற்றையெல்லாம் ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும்? கலசப்பாக்கம் போன்ற ஊர்களில் தமிழ்வழியில் படித்துத் தொழிற்பயிற்சி பெறும் இளைஞர்கள், நாளை இராணிப்பேட்டையிலோ செய்யாற்றிலோ ஓர் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் அமரக்கூடும். வளையம் ஊசலாடத் தொடங்கினால், காரணம் தெரியாதவர் செய்யக்கூடியது ஒன்றே: கட்டுப்படுத்தியை விலக்கிவிட்டு வால்வைக் கையால் இயக்குவது. அதன்பின் நீராவி வீணாகும், சரக்கு கெடும், சில வேளை உயிருக்கும் தீங்கு நேரும். காரணம் தெரிந்தவர் திருத்தத்தை மென்மையாக்குவார்; அல்லது கருவி காட்டுவது மெய்தானா என்று போய்ப் பார்ப்பார்.

ஆகவே தமிழில் இவ்வியலை எழுதுவோர் மூன்று காரியம் செய்தல் நலம். தாமதத்திலிருந்து தொடங்குக. ஒவ்வொரு முறையையும் அது தீர்க்கும் தொல்லையோடு சேர்த்துச் சொல்லுக. கருவி அளப்பது எதை, அளக்காமல் விடுவது எதை என்று ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதுக. சமன்பாடு அதற்குப் பிறகு வரட்டும். அப்போது மாணவன் அஞ்சமாட்டான். நம் சாயக்காரர் கையால் செய்வதைத்தான் அது எழுத்தில் சொல்கிறது என்று கண்டுகொள்வான்.