க்வாய் பாலத்துக் கரையான்கள்

டேவிட் லீனின் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ (1957) நல்ல படம்தான், சந்தேகமில்லை. ஏழு ஆஸ்கர் வாங்கியது. தண்டனைக் கொட்டடியிலிருந்து அலெக் கின்னஸ் தள்ளாடி நடந்து வரும் காட்சி ஒன்றே போதும். ஆனால் போர்க்கைதிகள் எப்படி எதிர்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள இதைப் பார்த்தால் ஏமாந்துதான் போவோம்.

படத்தில் கர்னல் நிக்கல்சன் தன் ஆட்களின் நாசவேலையை நிறுத்திவிட்டு, ஜப்பானியரால் முடியாத பாலத்தைக் கட்டிக் கொடுக்கிறார். நிஜத்தில் ஜப்பானியப் பொறியாளர்கள் கெட்டிக்காரர்கள். தாமர்கான் முகாமின் மூத்த பிரிட்டிஷ் அதிகாரி பிலிப் டூசி. அவருடைய ஆட்கள் கரையான்களைப் பிடித்து வந்து மரப்பாலத்தில் விட்டார்கள், கான்கிரீட்டை வேண்டுமென்றே மோசமாகக் கலந்தார்கள். யோசிச்சுப் பாருங்க, கரையான் அரிச்சதுக்கு யாரை அடிப்பான்? நம்ம தொழில் பாஷையில், டெஸ்டிங்கில் சிக்காமல் ஆறு மாசம் கழித்து ப்ரொடக்‌ஷனில் கிளம்புகிற பக்.

ரகசிய ரேடியோ இன்னொரு கதை. காஞ்சனபுரி வியாபாரி பூன்போங், முகாமுக்குச் சரக்கு கொண்டுபோகும் சாக்கில் மருந்தும் ரேடியோ பேட்டரியும் கடத்தினார். 1943இல் காஞ்சனபுரி முகாமில் ஒரு ரேடியோ சிக்கியபோது இரண்டு அதிகாரிகள் அடித்தே கொல்லப்பட்டார்கள். எரிக் லோமாக்ஸின் இரண்டு கைகளும் உடைந்தன. வெறும் செய்தி கேட்டதற்கு இந்த விலை.

‘இருந்தாலும் பாலம் கட்டி முடிஞ்சதே, டூசி ஒத்துழைச்சாரு தானே?’ என்று கேட்கலாம். மறுத்திருந்தால் செத்திருப்பது அவருடைய ஆட்கள். வேலை நடக்கணும்னா சோறு போடு, ஓய்வு கொடு என்று பேரம் பேசினார், அதற்காக அடியும் வாங்கினார். அந்தப் பேரத்தைத்தான் படம் ஒரு கிழட்டு கர்னலின் வீம்பாக மாற்றிவிட்டது. கடைசியில் வெடிகுண்டு வேறு! நிஜமான இரும்புப் பாலத்தை உடைத்தது 1945இல் நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டு.

படத்தில் இல்லாத இன்னொரு கூட்டம், மலாயா தோட்டங்களிலிருந்து ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. இவர்களுக்காகப் பேரம் பேச ஒரு டூசி இல்லை, கூடவே ராணுவ டாக்டர் இல்லை, ரகசியமாக நாட்குறிப்பு எழுத ஆளும் அநேகமாக இல்லை. தப்பிக் காட்டுக்குள் ஓடினவர்கள் நிறைய. அந்த ஓட்டத்தையும் நான் கரையான் கணக்கிலேயே சேர்ப்பேன்.