பெயர் பெற்ற பூனை

காரைக்காலில் நாம் அறிந்த ஓர் இல்லத்தில் அண்மையில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்த வெள்ளைப் பூனைக்குட்டிக்கு, கல்லூரியில் பயிலும் மகள் 'பங்குர்' என்று பெயர் சூட்ட விரும்பினாள். அஃது அயர்லாந்து நாட்டுப் பெயர் என்றும், மிகப் பழைய கவிதை ஒன்றில் வருவது என்றும் சொன்னாள். பாட்டியார் உடன்படவில்லை. "பூனைக்குப் பெயர் எதற்கு? அதிலும் வாயில் நுழையாத அந்நியப் பெயர் எதற்கு?" என்பது அவர்தம் வாதம். தீர்ப்புக்காக வழக்கு நம்மிடம் வந்தது.

தீர்ப்புக் கூறுமுன் அந்தக் கவிதையைப் படித்துப் பார்ப்பதே முறை என்று கருதினோம். படித்தபின் பாட்டியாரின் இரு வினாக்களும் நல்ல இலக்கிய வினாக்கள் என்பது நமக்குப் புலனாயிற்று. அவற்றையே இக்கட்டுரையின் பொருளாகக் கொள்கிறோம்.

'பங்குர் பான்' என்று வழங்கும் அக்கவிதை ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது; பழைய ஐரிஷ் மொழியில் அமைந்தது. அக்காலத்தில் ஐரிஷ் துறவியர் பலர் கடல் கடந்து ஐரோப்பாவின் உள்நாடுகளுக்குச் சென்று, மடங்களிலும் பள்ளிகளிலும் கல்விப்பணி ஆற்றினர். அவர்களுள் ஒருவர், கான்ஸ்டன்ஸ் ஏரியில் உள்ள ரைக்கனவ் தீவின் ஆசீர்வாதப்பர் சபை மடத்தோடு தொடர்புடையவர், இதனைத் தம் குறிப்பேட்டில் எழுதினார் என்று அறிஞர் கருதுவர். அக்குறிப்பேடு இன்று ஆஸ்திரியாவின் லாவன்டால் பள்ளத்தாக்கில் உள்ள தூய பவுல் மடத்தில் இருக்கிறது. இலத்தீன் ஞானப்பாடல்கள், கிரேக்கச் சொற்கள், வெர்ஜிலின் காவியத்துக்கு உரைக்குறிப்புகள், வானியல், வானதூதரின் இயல்பு பற்றிய பகுதி என்று பலவும் அதில் உண்டு. இவற்றுக்கிடையே எட்டு நான்கடிப் பாக்களில் ஒரு பூனை வந்து அமர்ந்திருக்கிறது.

ரைக்கனவ் என்னும் ஊர் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. நாம் செபமாலையின் முடிவில் சொல்லும் கிருபை தயாபத்து மந்திரத்தை இயற்றியவர், அதே மடத்தில் பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த, உடல் முடங்கிய துறவியான ஹெர்மன் என்பது நெடுநாளைய மரபு. காரைக்கால் தேற்றரவு அன்னை ஆலயத்திலும் வேளாங்கண்ணியிலும் ஒலிக்கும் ஒரு மன்றாட்டின் ஊற்றுக்கண்ணை மரபு எங்கே காட்டுகிறதோ, அங்கேதான் இந்தப் பூனையும் எலி பிடித்திருக்கிறது.

கவிதையின் பொருள் எளியது. துறவிக்கு ஒரு தொழில். பூனைக்கு ஒரு தொழில். அவர் நூலின்மேல் குனிந்திருக்கிறார். அது சுவரின்மேல் கண்ணை நாட்டியிருக்கிறது. அதன் வலையில் எலி விழுகிறது; அவர் வலையில் பொருள் விளங்காத ஒரு கடினமான வாக்கியம் விழுகிறது. எலி அகப்பட்டால் அதற்கு மகிழ்ச்சி. பொருள் அகப்பட்டால் இவருக்கு மகிழ்ச்சி. இருவரும் ஒரே அறையில் இருந்தும் ஒருவர்க்கொருவர் இடையூறு செய்வதில்லை, பொறாமையும் இல்லை. அவ்வளவே. ஆங்கிலத்தில் ராபின் பிளவர் முதல் ஷேமஸ் ஹீனி வரை பலர் இதனை மொழிபெயர்த்திருக்கின்றனர். ஓடனின் மொழிபெயர்ப்புக்கு அமெரிக்கரான சாமுவேல் பார்பர் 1953-இல் இசையமைத்தார். 2009-இல் வெளிவந்த 'தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்' என்னும் ஓவியத் திரைப்படத்திலும் இப்பெயருடைய வெள்ளைப் பூனை வருகிறது.

இனி, பூனைக்குப் பெயர் எதற்கு என்னும் முதல் வினா. தமிழ் இலக்கியத்தில் பூனைக்குப் பஞ்சமில்லை. சங்கப் பாடல்களில் வெருகு என்னும் காட்டுப்பூனை இரைக்காகப் பதுங்குகிறது. தொல்காப்பியத்தின் மரபியல் வெருகின் இளமைக்குக் குட்டி என்னும் பெயரை வரையறுக்கிறது. கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிவிட எண்ணிய பூனையாகத் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்யும் பூனையும் அதனருகே எலிகளும் உள. நம் பேச்சுவழக்கில் அது உருத்திராட்சப் பூனை. பிரெஞ்சுப் புதுவையில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதி, 'முரசு' பாடலில் ஒரு வெள்ளைப் பூனையையும் அதன் பல நிறக் குட்டிகளையும் காட்டி, நிறத்தால் உயர்வுதாழ்வு இல்லை என்று நிறுவினார்.

இப்பூனைகள் எல்லாம் நமக்கு ஏதோ ஒன்றைக் கற்பிக்கின்றன. ஒன்று போலித் துறவைக் கண்டிக்கிறது. மற்றொன்று பணிவைப் புகட்டுகிறது. இன்னொன்று சமத்துவத்தைச் சொல்கிறது. ஆனால் இவற்றுள் ஒன்றுக்கும் பெயரில்லை என்பது நோக்கத்தக்கது. பெயர் தேவைப்படவும் இல்லை. பாடம் சொல்ல வந்த பூனை எந்தப் பூனையாகவும் இருக்கலாம். ஐரிஷ் துறவியின் பூனையோ எந்தப் பூனையாகவும் இருக்க முடியாது. அதற்குப் பெயர் உண்டு. ஆகவே அது பழமொழி ஆவதில்லை. துறவி தம் பூனையைத் துறவியாக்கவில்லை, தம்மையும் பூனையாக்கவில்லை. ஒப்பிடுகிறார், ஆனால் ஒன்றை மற்றொன்றில் கரைத்துவிடவில்லை. மாமல்லபுரத்துச் சிற்பி பூனைக்குத் தவக்கோலம் தந்து மனிதனைச் சிரித்தார். அது கூரிய கலை. ரைக்கனவ் துறவி பூனையைப் பூனையாகவே விட்டுவைத்தார். அது அரிய கலை. இக்கவிதை ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்தும் வாடாதிருப்பதன் காரணம் இதுவே என்பது நம் துணிபு.

தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்தில், கடவுள் விலங்குகளைப் படைத்து, மனிதன் அவற்றுக்கு என்ன பெயரிடுவான் என்று பார்க்க அவனிடம் கொண்டுவருகிறார். படைத்தவரே பெயரையும் இட்டிருக்கலாம், இடாமல் காத்திருக்கிறார். பெயரிட வேண்டுமானால் அவ்வுயிரை உற்று நோக்க வேண்டும் என்பதை இது குறிப்பதாக நாம் கொள்ளலாம். பங்குர் தன் முழுக்கண்ணையும் சுவர்மேல் நாட்டுவதை எழுத, துறவி தம் கண்ணை நூலிலிருந்து எடுத்துப் பங்குர்மேல் நாட்டியிருக்க வேண்டும்.

ஆயினும் ஒரு கத்தோலிக்க வாசகர் இங்கே கேட்கக்கூடும்: ஒரு துறவியின் கவிதையில் கடவுள் எங்கே? எட்டுப் பாக்களிலும் செபம் இல்லை. நன்றிப் புகழ்ச்சி இல்லை. இதனைக் குறையாகச் சொல்வோரும் இருக்கலாம். ஆசீர்வாதப்பரின் ஒழுங்கில் வாழ்ந்தவர்க்கு உழைப்பு செபத்துக்கு அப்பாற்பட்டதன்று என்பதை நினைவிற் கொண்டால் இக்குறை நீங்கும். தன் வேலையை மகிழ்வோடு செய்யும் பூனை இறைவனை அறியாமலே போற்றுகிறது. விலங்குகள் தம் இருப்பினாலேயே இறைவனைப் போற்றுகின்றன என்று 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2416-ஆம் எண்ணில் கூறுவதும் இதுவே.

ஆனால் நாம் சுட்ட விரும்பும் குறை வேறொன்று. அந்த அறையின் கதவு கவிதை முழுவதும் மூடியே இருக்கிறது. துறவியும் பூனையும் நூலும் எலியும் தவிர உலகில் யாரும் இல்லை. பசித்தவர் எவரும் தட்டவில்லை. உடன்துறவி ஒருவரும் அழைக்கவில்லை. மறைக்கல்வியின் 2418-ஆம் எண், விலங்குகளை அன்பு செய்யலாம் என்று இசைந்து, மனிதர்க்கே உரிய பாசத்தை அவற்றின்மேல் திருப்பிவிடலாகாது என்றும், மனிதத் துன்பத்தைத் தணிக்க வேண்டிய பொருளை அவற்றுக்காகச் செலவிடலாகாது என்றும் எச்சரிக்கிறது. பாட்டியாரின் தயக்கத்தில் இந்த அறிவு இருந்தது. தெருவில் பெயர் கேட்க ஆளின்றிப் பலர் இருக்க, பூனைக்குப் பெயர்சூட்டு விழாவா என்பதே அவர் சொல்லாமற் சொன்னது. கவிதை அதற்கு விடை தரவில்லை. நாமும் அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: ஒரு சிற்றுயிரைப் பெயர் சொல்லி அழைக்கப் பழகிய நாவு, வாசலில் நிற்பவரைப் 'பிச்சைக்காரர்' என்று பொதுச்சொல்லால் அழைக்கும்போது கூச வேண்டும். கூசாவிடில் அந்தப் பழக்கத்தால் பயனில்லை.

இரண்டாம் வினா, அந்நியப் பெயர் எதற்கு என்பது. இங்கே ஒரு வியப்பு. 'பான்' என்பது ஐரிஷ் மொழியில் வெள்ளை. 'பங்குர்' என்பதோ ஐரிஷ் சொல்லே அன்று. துணியை வெளுத்துத் துப்புரவு செய்பவரைக் குறிக்கும் வேல்ஸ் நாட்டுச் சொல்லிலிருந்து வந்தது என்பர் மொழியறிஞர். அந்த ஐரிஷ் துறவியே தம் பூனைக்கு அண்டை நாட்டுப் பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்!

நம் திருச்சபையின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. அயல்மொழிப் பெயர்களை நம் முன்னோர் இருவகையாய்த் தமிழாக்கினர். பொருளைப் பெயர்த்தது ஒருவகை: சிறியவர் என்று பொருள்படும் பவுல் சின்னப்பர் ஆனார், இறையருளைக் குறிக்கும் யோவான் அருளப்பர் ஆனார், பெனடிக்ட் ஆசீர்வாதப்பர் ஆனார். ஒலியை நம் நாவுக்கு வளைத்தது மற்றொரு வகை: சூசையப்பர், சந்தியாகப்பர், சவேரியார். எதிர்த்திசையிலும் பயணம் நடந்தது. இத்தாலியரான பெஸ்கி வீரமாமுனிவர் ஆனார். இவற்றுள் எதையும் இன்று நாம் அந்நியம் என்பதில்லை. நம் தாத்தாக்களை அப்பெயர்களால் அழைத்திருக்கிறோம்.

1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்குப் பெயர்மாற்றம் வெறும் ஒலிமாற்றம் அன்று. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணையின்படி, தம் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொண்டனர். அவர்களுள் முன்நின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஏற்ற பெயர் 'லாப்போர்த்'. பிரெஞ்சில் அதற்கு வாயில் என்று பொருள். தாழ்த்தப்பட்டவர் என்ற பொதுச்சொல்லுக்குள் அடைக்கப்பட்ட பலர்க்கு அப்புதுப்பெயர் ஒரு வாயிலாயிற்று. அதனை அந்நிய மோகம் என்று மட்டும் இகழ்வது நேர்மையாகாது.

இதே மண்ணில் அதற்கும் நெடுங்காலம் முன்னே புனிதவதி என்னும் பெண் தம்மைப் 'பேய்' என்று சொல்லிக்கொண்டார். அவரை இறைவன் 'அம்மையே' என்று விளித்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. இன்று உலகம் அறிவது காரைக்கால் அம்மையாரை. ஒருவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயரைவிட, அன்புடன் அழைத்தவர் இட்ட பெயரே நிலைத்தது. நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்ற நற்செய்தியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதன் சுவை விளங்கும்.

பெயர் அந்நியமா என்பதை அதன் ஒலி முடிவு செய்வதில்லை. அழைப்பவரின் நாள்தோறும் உள்ள பழக்கம் முடிவு செய்கிறது. கவிதையைப் படிக்காமல் புதுமைக்காக மட்டும் சூட்டினால் 'பங்குர்' நமக்கு அந்நியமே. உற்று நோக்கி, உணவிட்டு, அதன் வழியில் குறுக்கிடாமல் வாழ்ந்தால் அது நம்முடையதே. பிள்ளைகளுக்குக் கிறித்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரிடலாகாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 855-ஆம் சட்டம் கூறுகிறது. பூனைக்குச் சட்டம் ஏதுமில்லை. ஆகவே பொறுப்பு முழுவதும் நம்முடையது.

அந்தத் துறவியின் பெயர் இன்று எவர்க்கும் தெரியாது. அவர் பூனையின் பெயர் தெரியும். தம் பெயரை ஏட்டில் பொறிக்காமல், அறையில் உடனிருந்த உயிரின் பெயரைப் பொறித்துச் சென்ற அந்த எளிமையை நாம் வணங்குகிறோம்.

இத்தீர்ப்பை அந்த இல்லத்தில் சொல்ல நாம் சென்றபோது வழக்கு முடிந்திருந்தது. பாட்டியார் அடுப்பங்கரையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். தலைகளைத் தனியே ஒரு தட்டில் ஒதுக்கிவைத்து, "பங்கு, வா" என்று அழைத்தார். கடைசி எழுத்து அவர் நாவில் உதிர்ந்திருந்தது. ஆலயத்தாலும் மீன் கூறாலும் நமக்குப் பழகிய சொல்லாக அது மாறியிருந்தது. பூனை வந்தது, தன் பங்கை உண்டது.