சிபாரிசு செய்யும் யந்திரமும் தோட்டத்து வாசகரும்

புஸ்தகம் படிப்பவருக்கு இரண்டு சபலங்கள் உண்டு: தாம் படித்துக்கொண்டிருப்பதைப் பிறரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது ஒன்று, பிறர் கையில் என்ன நூல் இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றித் தருவதாகச் சொல்லிக்கொண்டு 2007ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் வெளியாகி, 2013இல் அமேசான் ஸ்தாபனத்தின் கைக்குச் சென்ற குட்ரீட்ஸ் என்னும் தளத்தின் செயலியை, விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசி ஒன்றில் ஏற்றி, இலங்கையில் டிக்கோயாவுக்கு அப்பாலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் சில மாத காலம் உபயோகித்துப் பார்த்ததன் பேரில் எழுதப்படும் அபிப்பிராயம் இது. மலையகத்தில் இந்தச் செயலியைத் தனியே நிறுத்தி மதிப்பிடுதல் இயலாது. வாட்ஸ்அப்பும் நூலகம் என்னும் எண்ணிம நூலகமும் அதன் இருபுறமும் வந்து நின்றுகொள்கின்றன.

முதலில் குணங்களைச் சொல்லிவிடுகிறேன். படித்தவை, படித்துக்கொண்டிருப்பவை, படிக்க விரும்புபவை எனத் தட்டுகளைக் குட்ரீட்ஸ் ஆயத்தமாகவே வைத்திருக்கிறது. வேண்டுமானால் நாமும் புதிய தட்டுகளை அமைத்துக்கொள்ளலாம். நாவலில் எத்தனையாவது பக்கத்தில் நிற்கிறோம் என்பதை ஒரு விரற்சொடுக்கில் குறித்துவைத்தால், கொழும்பிலோ டொராண்டோவிலோ இருக்கும் சிநேகிதருக்கு அது தெரிந்துவிடுகிறது. அவர் அதே பக்கத்தைத் தாண்டியவராயின் சம்பாஷணை அங்கேயே தொடங்கிவிடுகிறது. இடைமுகம் ஆங்கிலத்தில் இருப்பினும், நூலின் பெயரையும் விமர்சனத்தையும் தமிழில் எழுதுவதற்கு யாதொரு தடையுமில்லை. கணக்கு வைத்தல் என்னும் ஒரு காரியத்தில் இதற்கு ஈடானதை நான் காணவில்லை.

ஆனால் கணக்கு என்பது எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்தில் இருப்பவருக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இச்செயலியில் ஆண்டுதோறும் ‘இவ்வாண்டு இத்தனை நூல்கள் படிப்பேன்’ என்று இலக்கு வைத்துக்கொள்ளும் சவால் ஒன்று இருக்கிறது; பின்தங்கினால் இத்தனை நூல்கள் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று அது நினைவூட்டவும் செய்கிறது. கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் நின்று, இத்தனை கிலோ எடுத்தால்தான் பேர் என்னும் முழு நாட்கூலி, குறைந்தால் அரைப்பேர் என்று கேட்டுப் பழகிய ஒரு ஜனசமூகத்துக்கு, இளைப்பாறுவதற்காக எடுத்த நாவலிலும் அரைப்பேர் விழுவது எத்தனை ரசமான விஷயமாக இருக்கும் என்பதை அமைப்பாளர்கள் யோசித்திருக்க நியாயமில்லை. நான் அந்தப் பகுதியை மூடிவைத்தேன்; மூடுவதற்கு வழி இருக்கிறது என்பதையும் அதன் குணங்களோடு சேர்த்துக்கொள்க.

மெய்யான பலவீனம் அதன் ஜாபிதாவில் இருக்கிறது. நூலின் பின்னட்டையிலுள்ள கோட்டுக்குறியைக் காமிராவுக்குக் காட்டினால் நூல் தானே வந்து தட்டில் அமர்ந்துகொள்ளும் என்பது பெரிய சௌகரியந்தான். எனினும் அக்குறிக்கு ஆதாரமான சர்வதேசத் தர நூல் எண் 1970இல்தான் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. நம் பக்கத்துப் பதிப்பாளர்கள் அதைப் பழக்கமாகக் கைக்கொண்டதோ அதற்கும் வெகுகாலம் பின்னர். தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையை நாவலாக்கிய கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்தது, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது, சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ பத்திரிகைத் தொடராக வந்து பின்னர் நூலுருப் பெற்றது. இவற்றின் பழைய பிரதிகளைக் காமிராவின் முன் எப்படித் திருப்பிப் பிடித்தாலும் குறி இல்லாத அட்டையில் யந்திரத்துக்கு வாசிக்க ஒன்றுமில்லை. நூலகர் என்று அழைக்கப்படும் தன்னார்வலர் எவரேனும் கைப்பட எழுதிச் சேர்த்தால் அன்றி இத்தகைய நூல் ஜாபிதாவில் ஏறாது. ஏறிய பின்னும், ஆசிரியர் பெயரை ரோமன் எழுத்தில் ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எழுதியிருப்பார்களாயின், ஒரே எழுத்தாளர் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து நிற்பார்.

ஜாபிதாவின் குறை சிபாரிசிலும் சென்று முடிகிறது. 2011இல் டிஸ்கவர்ரீட்ஸ் என்னும் நிறுவனத்தை வாங்கி அதன் கணித முறையை வைத்துத் தொடங்கப்பட்ட இந்தச் சிபாரிசு ஏற்பாடு, நாம் நட்சத்திரம் இட்ட நூல்களுக்கு நம்மைப் போலவே நட்சத்திரம் இட்டவர்கள் வேறு எவற்றை விரும்பினார்கள் என்று பார்த்துச் சொல்லுவது. பலர் மதிப்பிட்ட நூல் மேலும் பலர் கண்ணில் படும். எவரும் மதிப்பிடாத நூல் எவருக்கும் காட்டப்படாது. ஆகவே தமிழ் வாசகரைக் கண்டதும் யந்திரம் கல்கி 1950இல் தொடராகத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னையே முகமன் கூறி நீட்டுகிறது. கல்கியின் மீது எனக்கு விரோதமில்லை. ஆனால் ஹட்டனில் இருந்துகொண்டு, அடுத்த பள்ளத்தாக்கைப் பற்றிய நாவல் உண்டா என்று வினவுகிறவருக்குச் சோழ நாட்டுக்கு வழி சொல்லுவது என்ன சிபாரிசு?

அந்த வினாவுக்கு விடை 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிமக் களஞ்சியத்தில் இருக்கிறது. இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, உரிமையாளரின் அநுமதி பெற்று, எவரும் விலையின்றி வாசிக்க வைத்திருக்கும் இவ்வேற்பாடு, ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றோடு கோப்பின் கனத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. டேட்டாவுக்கு எண்ணி எண்ணி ரீலோட் செய்பவருக்கு இந்தக் கடைசி விவரத்தைப் போல மரியாதையானது வேறில்லை. மலைச்சரிவின் மறுபக்கம் திரும்பியவுடன் சிக்னல் மறைந்துவிடுமாகையால், நகரத்துக்கு இறங்கும்போது கோப்பை இறக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பிய பின் வாசிப்பது உத்தமம். ஒரு சிரமம் உண்டு. இவை பக்கங்களின் படங்களாதலால் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. சிறிய திரையில் இரு விரல்களால் விரித்து, வரியின் இடக்கோடிக்கும் வலக்கோடிக்குமாகத் திரையை இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். முழு நாவலை இப்படிப் படித்து முடித்தவரின் பொறுமைக்கு எந்தச் செயலியும் நட்சத்திரம் தருவதில்லை.

இனி வாட்ஸ்அப். நாவல் விரும்பிகள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் குழுவொன்றில், பாடசாலை ஆசிரியர்கள், ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள், கொழும்புக் கடைகளில் நிற்கும் இளைஞர்கள், மாலையில் மலையிலிருந்து இறங்கிய பின் ரொட்டி சுட்டுக்கொண்டே காதில் போட்டுக் கேட்கும் பெண்கள் என்று பலரும் இருக்கிறார்கள். இவர்களில் எழுதுபவர் சிலர், பேசுபவரே பலர். “சேர், இந்தப் புஸ்தகத்த நம்ம லயத்துல உக்காந்துதான் எழுதியிருக்காங்க போல, அந்தக் கணக்கப்பிள்ள அச்சு அசல் நம்ம ஆளுதான்” என்று ஒரு குரற்பதிவு வந்தால், அதற்குப் பின்னால் குழந்தை அழுவதும் மழை தகரத்தில் விழுவதும் சேர்ந்து கேட்கின்றன. அந்த நூலை அன்றிரவே தேடாமல் இருக்க முடிவதில்லை. பொன்னர் சங்கர் கதையையும் அர்ச்சுனன் தபசையும் காமன் கூத்தையும் கண்டும் கேட்டும் வளர்ந்த மலைநாட்டில், அயலார் தோட்டத்துக்குள் எளிதில் புக முடியாத ஆங்கிலேயர் ஆட்சி நாளில் புடவை வியாபாரியின் வேஷத்தில் நுழைந்து நிலைமையைக் கண்டறிந்த தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் பத்திரிகை நடத்தினார் என்றால், அவர் மனைவி மீனாட்சியம்மாள் அதே செய்தியைப் பாட்டாகக் கட்டி மேடைகளில் பாடினார். வாசிப்பு இங்கே எப்பொழுதும் செவியையும் துணைக்கு அழைத்தே வந்திருக்கிறது. குரற்பதிவு அந்த வழக்கத்தில் வெகு இயல்பாகப் பொருந்திக்கொண்டது. சிபாரிசு என்பது அபிப்பிராயத்தைக் காட்டிலும் சொல்லுகிறவரின் குரலில் உள்ள அவசரம் என்பதை இந்தக் குழுவில்தான் உணர்ந்தேன்.

தோஷங்களும் இல்லாமலில்லை. காலை வணக்கப் படங்களும் தேர்தல் செய்திகளும் வந்து விழ விழ, முந்தைய வாரத்துச் சிபாரிசு அடியில் போய்ப் புதைந்துவிடும். செய்தியை மேலே பொருத்திவைக்கலாமாயினும் 30 நாட்களுக்கு மேல் அது தங்காது. எழுதியதைத் தேடி எடுக்கலாம். பேசியதைத் தேடி எடுப்பது அத்தனை எளிதன்று. இவற்றைவிடப் பெரிய தோஷம், அண்மையில் வெளியாகிக் கடையில் விற்பனையிலிருக்கும் நாவல்களையும் எவரோ படம் பிடித்துக் கோப்பாக்கி அனுப்பிவிடுவது. ஐந்நூறு பிரதி அச்சிட்டு அதை விற்க முடியாமல் வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் எழுத்தாளருக்கு வாசகர் செய்யும் கைம்மாறு இதுவாக இருக்கலாகாது. எங்கள் குழுவில் அத்தகைய கோப்பு வந்தால் நீக்கிவிடுவது என்று விதி செய்திருக்கிறோம். விதி சில வேளைகளில் தூங்கிவிடுகிறது.

ஸ்டோரிகிராஃப் என்னும் மற்றொரு செயலி, கால் நட்சத்திரம் வரை நுணுக்கமாக மதிப்பிடவும், நூலின் மனோபாவத்தை வைத்துத் தேடவும் இடந்தருகிறது. ஜாபிதாவின் குறை அதிலும் அதுவேயாகையால் விரித்துரைக்க அவசியமில்லை.

குட்ரீட்ஸ் அமைப்பாளர்களிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம் உண்டு: ஐந்து நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் ஒலிவாங்கிக் குறி ஒன்றை வைத்து, ஒரு நிமிஷம் பேசுவதற்கு வாசகரை அநுமதியுங்கள் என்பது. அது வரும்வரையில், குழுவில் வரும் குரற்பதிவுகளைப் பேசியவரின் சம்மதத்தோடு கேட்டெழுதி, இரண்டிரண்டு வரியாகச் சுருக்கி, ஆண்டும் பதிப்பகமும் சரிபார்த்துக் குட்ரீட்ஸில் ஏற்றும் வேலையைக் கொட்டகலை ஆசிரியை ஒருவர் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் கேட்பதெல்லாம், பேசுகிறவர்கள் கண்ணீர் விடுவதற்கு முன்னால் நூலின் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான்.