உரிமை நீக்கமும் உடன்படிக்கை மொழியும்

ஒரு நாட்டவர் பிறிதொரு நாட்டின் எல்லையுள் அனுபவித்துவந்த சலுகைகளை முடிவுறுத்துதல் இறைமையின் பாற்பட்டது. அதன் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆயின், அது நீக்கப்பட்ட முறை தனியே ஆராயத்தக்கது. இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட கடல் எல்லை உடன்பாடுகளை, முசலிக் கரையை மனத்திற்கொண்டு இந்நோக்கில் ஈண்டு மதிப்பிடுவோம்.

சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரேயுள்ள முத்துப் பார்களில் நிகழ்ந்த சலாபங்களுக்குத் தென்னிந்தியக் கரையிலிருந்து குளியாட்கள் வந்து சென்றனர். இத்தகைய வழமைகளை உடன்படிக்கைகள் எவ்வாறு கையாண்டன? பாக்கு நீரிணை பற்றிய 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 6ஆம் உறுப்புரை, இரு நாட்டுக் கலங்களும் மற்றைய நாட்டின் நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்றது. ‘கலங்கள்’ என்னும் சொல் கடற்பயணத்தை மட்டும் சுட்டுமா, மீன்பிடித்தலையும் அடக்குமா என்பது தெளிவாக்கப்படவில்லை. 1976 மார்ச் 23இல் மன்னார் வளைகுடாவின் எல்லை வகுக்கப்பட்டபோது, வெளிநாட்டுச் செயலாளர்கள் கேவல் சிங்கும் டபிள்யூ. ரி. ஜயசிங்கவும் பரிமாறிய கடிதங்கள், வெளிப்படையான அனுமதியின்றி ஒரு நாட்டு மீனவர் மற்றைய நாட்டுக் கடலில் மீன்பிடித்தலாகாது என விதித்தன. ‘மரபு’ என்ற சொல்லுக்கு அங்கு இடமில்லை.

அதே கடிதங்களில் குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் மேடை பற்றிய பகுதி நோக்கற்பாலது. அங்கு இலங்கைக் கலங்களின் உரிமையும் முடிவுக்கு வந்தது. ஆனால், இந்தியா தனது பொருளாதார வலயத்தை நிறுவிய நாள் முதல் 3 ஆண்டுகளுக்கு, உரிமம் பெற்ற 6 கலங்கள் ஆண்டுக்கு 2000 தொன்னுக்கு மேற்படாது மீன்பிடிக்க இடமளிக்கப்பட்டது. காலமும் தொகையும் வரையறுக்கப்பட்ட ஒழுங்கு இது. எகிப்தில் அந்நியரின் நீதிமன்றச் சலுகைகளை ஒழித்த 1937ஆம் ஆண்டு மொந்திரோ உடன்படிக்கையும், கலப்பு நீதிமன்றங்கள் 1949 வரை இயங்க இடம்விட்டது.

விரல்விட்டு எண்ணத்தக்க கலங்களுக்குக் கிட்டிய இத்தவணை, இரு கரைகளிலும் வாழ்ந்த சிறு மீனவர்க்குக் கிட்டவில்லை. சிறு வள்ளத்தையும் இழுவைப் படகையும் வேறுபடுத்தாதிருந்தமை கடிதங்களின் பெருங்குறை. இதன் விளைவாகவே, கடலடியை வாரிச்செல்லும் இழுவைப் படகுகளுங்கூட இன்று ‘மரபுரிமை’ என்னும் போர்வையைப் போர்த்துக்கொள்கின்றன. அவற்றால் வலையிழந்த மன்னார் மாவட்ட மீனவரின் முறைப்பாடு நியாயமானது. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. எனினும், சட்டம் மட்டும் போதாது.

சலுகையை நீக்கும் உடன்படிக்கை, அச்சலுகையால் வாழ்ந்தோர் எவர் என்பதையும் அவர்க்குரிய தவணையையும் கூறல் வேண்டும். 1976ஆம் ஆண்டுக் கடிதங்கள் எல்லையைச் செம்மையாக வகுத்தன; எல்லையோரத்து மனிதரை வகுக்கத் தவறின. இனி நிகழும் பேச்சுகள் அவ்விடத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும் என்பது எமது துணிபு.